அணுக்கருவுக்குள் ஒரு புரோட்டான் எவ்வளவு தூரம் போகும்?

கேள்வி இதுதான்: ஒரு புரோட்டானையோ நியூட்ரானையோ வேகமாக ஏவி ஓர் அணுக்கருவின் மீது விழச் செய்தால், அது உள்ளே எவ்வளவு தூரம் போகும்? வழியில் அதற்கு என்ன நேர்கிறது? எந்த நுண்ணோக்கியாலும் பார்க்க முடியாத இந்தப் பயணத்தைச் சிதறல் சோதனைகள் எப்படிக் கண்டுசொல்கின்றன?

முதலில் நேரடியான பதிலைச் சொல்லிவிடுகிறேன். சில பத்து மில்லியன் எலக்ட்ரான் வோல்ட் (இனி எம்.இ.வி.) முதல் ஏறக்குறைய 200 எம்.இ.வி. வரை ஆற்றலுள்ள துகள், அணுக்கருவுக்குள் சராசரியாக நான்கைந்து ஃபெம்டோமீட்டர் தூரத்தை மோதலின்றிக் கடக்கிறது. ஒரு ஃபெம்டோமீட்டர் என்பது 10⁻¹⁵ மீட்டர். ஆற்றல் 1,000 எம்.இ.வி.யை எட்டும்போது அந்தத் தூரம் இரண்டு ஃபெம்டோமீட்டர் அளவுக்குச் சுருங்கிவிடுகிறது. மிக மெதுவாக வரும் நியூட்ரானோ, குறிப்பிட்ட சில ஆற்றல்களில் முழுவதுமாகச் சிக்கிக்கொள்கிறது. மற்ற ஆற்றல்களில் அணுக்கருவின் உட்புறத்தைத் தொடாததுபோல விலகிப்போகிறது. ஆகவே ஓர் அணுக்கரு ஊடுருவத்தக்கதா இல்லையா என்று பொதுவாகக் கேட்டால் பதில் கிடையாது. வரும் துகளின் ஆற்றலையும் சேர்த்துக் கேட்க வேண்டும். ஏன் இப்படி என்பதுதான் அணுக்கரு இயற்பியலிலேயே எனக்கு மிகவும் பிடித்த கதை.

அளவுகளிலிருந்து தொடங்குவோம். ஈயம்-208 அணுக்கருவில் 82 புரோட்டான்களும் 126 நியூட்ரான்களும் உள்ளன. இவ்விரண்டுக்கும் பொதுப்பெயர் நியூக்ளியான். ஈய அணுக்கருவின் ஆரம் சுமார் 7 ஃபெம்டோமீட்டர். குறுக்காகக் கடந்தால் 14. உட்பகுதியின் அடர்த்தி, ஒரு கன ஃபெம்டோமீட்டருக்கு ஏறக்குறைய 0.16 நியூக்ளியான். அதாவது ஒவ்வொன்றுக்கும் கிடைக்கும் இடம் சுமார் 6 கன ஃபெம்டோமீட்டர். அண்டையிலிருப்பதற்கு உள்ள தூரம் 1.8 ஃபெம்டோமீட்டர் அளவு. புரோட்டானின் மின்னேற்ற ஆரம் 0.84 ஃபெம்டோமீட்டர். இரண்டு ஆரங்களைக் கூட்டினால் கிட்டத்தட்ட அதே 1.7 வந்துவிடுகிறது. நியூக்ளியான்கள் ஒன்றையொன்று உரசிக்கொண்டு நிற்கின்றன என்றே சொல்லலாம். அணுவின் பெரும்பகுதி வெற்றிடம் என்று பள்ளியில் படித்தது எலக்ட்ரான்கள் உலவும் பகுதிக்குப் பொருந்தும். அணுக்கருவுக்குப் பொருந்தாது.

இந்த நெரிசலில் ஒரு துகள் மோதாமல் எவ்வளவு தூரம் போகும் என்று எளிய கணக்கொன்று போட்டுப் பார்க்கலாம். இரண்டு நியூக்ளியான்கள் தனித்து மோதும்போது, ஒன்று மற்றொன்றுக்கு எவ்வளவு பெரிய இலக்காகத் தெரிகிறது என்பதைக் குறுக்குப் பரப்பு என்ற அளவால் சொல்வார்கள். 100 எம்.இ.வி. ஆற்றலில் புரோட்டானுக்கும் நியூட்ரானுக்கும் இடையிலான குறுக்குப் பரப்பு சுமார் 7 சதுர ஃபெம்டோமீட்டர். இரண்டு புரோட்டான்களுக்கு இடையில் அதில் பாதிக்கும் குறைவு. சராசரியாக 5 என்று வைத்துக்கொண்டு அடர்த்தியால் பெருக்கித் தலைகீழாக்கினால், சராசரி மோதலிடைத் தூரம் 1.2 ஃபெம்டோமீட்டர் என்று வரும். ஆற்றல் குறையக் குறைய இந்தக் குறுக்குப் பரப்பு வேகமாகப் பெருகுகிறது. 10 எம்.இ.வி. ஆற்றலில் நியூட்ரான்–புரோட்டான் குறுக்குப் பரப்பு 90 சதுர ஃபெம்டோமீட்டரைத் தாண்டிவிடும். அணுக்கருவின் ஈர்ப்பால் உள்ளே நுழையும் துகள் வேகம் கூடப் பெறுகிறது என்பதைக் கணக்கில் சேர்த்தாலும், அந்தத் துகள் ஒரு ஃபெம்டோமீட்டர்கூடப் போகக் கூடாது. நுழைந்த இடத்திலேயே மோத வேண்டும்.

நீல்ஸ் போர் 1936-ல் முன்வைத்த சித்திரம் இதுதான். உள்ளே நுழைந்த நியூட்ரான் உடனே மோதுகிறது, மோதப்பட்டது மற்றொன்றை மோதுகிறது, கொண்டுவந்த ஆற்றல் சிறிது நேரத்தில் எல்லோருக்கும் பங்காகிவிடுகிறது. எதனிடமும் தப்பிச் செல்லும் அளவுக்கு ஆற்றல் இல்லை. தற்செயலாக ஒன்றின் மீது மறுபடியும் போதிய ஆற்றல் குவியும்வரை எல்லாம் உள்ளேயே இருக்க வேண்டும். ஆழமில்லாத ஒரு தட்டில் பில்லியர்ட்ஸ் பந்துகளைப் போட்டு, அதில் இன்னொரு பந்தை உருட்டிவிட்டால் என்ன ஆகும் என்பதையே அவர் விளக்கமாகப் பயன்படுத்தினார். இந்த இடைநிலைக்குக் கூட்டு அணுக்கரு என்று பெயர்.

இந்தச் சித்திரத்துக்கு வலுவான சான்று இருந்தது. மெதுவான நியூட்ரான்களை ஒரு பொருளின் மீது விழச் செய்து, ஆற்றலைச் சிறிது சிறிதாக மாற்றிக்கொண்டே போனால், குறிப்பிட்ட சில ஆற்றல்களில் மட்டும் உட்கவர்தல் கூர்மையாக உயரும். யுரேனியம்-238-ல் 6.67 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலில் அப்படி ஓர் ஒத்ததிர்வு உண்டு. அதன் அகலம் ஏறக்குறைய ஒரு எலக்ட்ரான் வோல்ட்டில் நாற்பதில் ஒரு பங்குதான். அகலம் குறைவென்றால் ஆயுள் நீளம். குவாண்டம் கோட்பாட்டின்படி அந்த நிலை சுமார் 10⁻¹⁴ விநாடி நீடித்திருக்க வேண்டும். ஒரு நியூட்ரான் அணுக்கருவை நேராகக் கடப்பதற்கு ஆகும் நேரமோ 10⁻²² விநாடி அளவு. கடப்பதற்குத் தேவையானதைவிடப் பத்து கோடி மடங்கு நேரம் அது உள்ளே தங்கியிருக்கிறது! இதைப் பார்த்த எவரும் அணுக்கருவைக் கறுப்புப் பந்தாக, விழுந்ததையெல்லாம் விழுங்குவதாகக் கருதியதில் வியப்பில்லை.

பத்தாண்டுகளுக்குப் பிறகு அந்தக் கறுப்பு வெளுக்கத் தொடங்கியது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்காவின் பெர்க்லியில் இயங்கத் தொடங்கிய 184 அங்குல சைக்ளோட்ரான் என்ற துகள் முடுக்கி, டியூட்ரான்களை 190 எம்.இ.வி. வரை முடுக்கியது. டியூட்ரான் என்பது ஒரு புரோட்டானும் ஒரு நியூட்ரானும் தளர்வாகப் பிணைந்தது. அது இலக்கை உரசிச் செல்லும்போது புரோட்டான் பறிபோக, நியூட்ரான் ஏறக்குறைய பாதி ஆற்றலோடு நேராகத் தொடர்ந்து போகும். இப்படிக் கிடைத்த 90 எம்.இ.வி. நியூட்ரான் கற்றையைப் பல தனிமங்களின் மீது செலுத்தி, எத்தனை நியூட்ரான்கள் கற்றையிலிருந்து காணாமல் போகின்றன என்று அளந்தார்கள். கறுப்புப் பந்தாக இருந்தால் கிடைக்க வேண்டிய குறுக்குப் பரப்பைவிடக் குறைவாகவே வந்தது. இலேசான தனிமங்களில் இந்தக் குறைவு மிகத் தெளிவாகத் தெரிந்தது. ராபர்ட் செர்பர் 1947-ல் காரணம் சொன்னார்: இந்த ஆற்றலில் மோதலிடைத் தூரம் அணுக்கருவின் ஆரத்தோடு ஒப்பிடத்தக்கது. நியூட்ரான்களில் ஒரு பகுதி எதையும் தொடாமலே மறுபக்கம் வந்துவிடுகிறது. 1949-ல் ஃபெர்ன்பாக், செர்பர், டெய்லர் மூவரும் இதை ஒளியியல் கணக்காகவே மாற்றினார்கள். அணுக்கருவை ஒளிவிலகல் எண்ணும் ஒளி உட்கவரும் தன்மையும் கொண்ட ஒரு கோளமாக வைத்து, நியூட்ரான் அலை (குவாண்டம் கோட்பாட்டில் துகளும் ஓர் அலையே) அதன் வழியே போகும்போது எவ்வளவு மங்குகிறது, எவ்வளவு கட்டம் மாறுகிறது என்று கணக்கிட்டு, அளவீடுகளோடு பொருத்திக் காட்டினார்கள். மோதலிடைத் தூரம் 4 ஃபெம்டோமீட்டர் அளவில் வந்தது.

அதிக ஆற்றலில் அப்படி நடப்பதை ஏற்றுக்கொள்ளலாம். குறைந்த ஆற்றலில் நீல்ஸ் போரின் சித்திரம் அசையாமல் நிற்கும் என்றே பலரும் நினைத்தார்கள். 1952-ல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் பார்ஷல் செய்த அளவீடு அந்த நம்பிக்கையையும் கலைத்தது. 3 எம்.இ.வி. வரை ஆற்றலுள்ள நியூட்ரான்களைத் தனிமம் தனிமமாகச் செலுத்திப் பார்த்தபோது, மொத்தக் குறுக்குப் பரப்பில் அகலமான மேடுகளும் பள்ளங்களும் தென்பட்டன. கூர்மையான ஒத்ததிர்வுகள் அங்கே சராசரியாக மறைந்துபோயிருந்தன. எஞ்சிய மேடுகள், ஒரு தனிமத்திலிருந்து அடுத்ததற்குப் போகும்போது ஒழுங்காக நகர்ந்தன. கறுப்புப் பந்து இப்படிச் செய்யாது. அலை உள்ளே நுழைந்து, எதிர்ப்பக்கச் சுவரில் மோதித் திரும்பி, தன்னோடு தானே குறுக்கிட்டால்தான் இப்படி வரும். 1954-ல் ஃபெஷ்பாக், போர்ட்டர், வைஸ்காஃப் மூவரும் இதை விளக்கினார்கள். அவர்களுடைய மாதிரிக்கு மங்கலான படிகப் பந்து என்ற பட்டப்பெயர் நிலைத்தது. பந்துக்குள் நியூட்ரான் அலை சரியாகப் பொருந்தி நிற்கும் நிறை எண்களில், அதாவது 55-க்கு அருகிலும் 150-ஐ ஒட்டியும், மெதுவான நியூட்ரான்களை அணுக்கரு அதிகமாக உள்வாங்கும் என்று அந்த மாதிரி சொன்னது. அளவீடுகளும் அதையே காட்டின.

அப்படியானால் அந்த எளிய கணக்கு எங்கே தவறியது? அடர்த்தியும் சரி, குறுக்குப் பரப்பும் சரி. விடுபட்டது பௌலியின் தவிர்க்கைத் தத்துவம். ஒரே வகையைச் சேர்ந்த இரண்டு நியூக்ளியான்கள் ஒரே குவாண்டம் நிலையில் இருக்க முடியாது. அணுக்கருவை ஓர் ஆற்றல் குழியாக எண்ணிக்கொள்ளுங்கள். நியூக்ளியான்கள் அடியிலிருந்து ஒவ்வொரு நிலையாக நிரப்பிக்கொண்டு வந்து, அடியிலிருந்து சுமார் 38 எம்.இ.வி. உயரம்வரை இடைவெளியின்றி நிரம்பியிருக்கின்றன. அந்த மேல்விளிம்புக்கு ஃபெர்மி மட்டம் என்று பெயர். அங்கிருந்து வெளியேற இன்னும் ஏறக்குறைய 8 எம்.இ.வி. வேண்டும்.

இப்போது 10 எம்.இ.வி. ஆற்றலோடு வெளியிலிருந்து ஒரு நியூட்ரான் வருகிறது. குழிக்குள் வந்ததும் அது ஃபெர்மி மட்டத்துக்கு 18 எம்.இ.வி. மேலே இருக்கிறது. ஃபெர்மி மட்டத்துக்கு 20 எம்.இ.வி. கீழே இருக்கும் ஒரு நியூக்ளியானோடு அது மோதுவதாக வைத்துக்கொள்வோம். மோதிய பிறகு இரண்டுமே காலியான நிலைகளுக்குப் போக வேண்டும். காலியிடம் ஃபெர்மி மட்டத்துக்கு மேலேதான் இருக்கிறது. ஆனால் இரண்டின் ஆற்றலையும் கூட்டினால் ஃபெர்மி மட்டத்தை விட 2 எம்.இ.வி. குறைவாகிவிடுகிறது. போக இடமில்லாத மோதல் நடப்பதில்லை. பலவீனமாக நடக்கிறது என்றுகூடச் சொல்ல முடியாது, அறவே நடப்பதில்லை. 10 எம்.இ.வி. கீழே இருப்பதோடு மோதலாம். அப்போதும் இரண்டும் பகிர்ந்துகொள்ள 8 எம்.இ.வி.தான் மிச்சம், அதற்குள் அமையும் நிலைகள் மிகக் குறைவு. ஃபெர்மி மட்டத்துக்கு மேலே உள்ள ஆற்றல் பாதியானால் மோதும் வாய்ப்பு ஏறக்குறைய நான்கில் ஒன்றாகிறது. மட்டத்தை ஒட்டியே நிற்கும் துகளுக்கு மோதலே கிடையாது. அது எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் போகலாம்.

அணுக்கருவில் பயணம் செய்ய வழி கிடைப்பது வெற்றிடம் இருப்பதனால் அன்று. மாறாக, நிலைகள் முழுவதும் நிரம்பியிருப்பதனால்தான் வழி கிடைக்கிறது. இந்த முரணை முதன்முதலில் புரிந்துகொள்ளும்போது ஏற்படும் மகிழ்ச்சி பெரிது. 1949-ல் மரியா கோப்பர்ட் மேயரும் ஹான்ஸ் யென்சனும் முன்வைத்த கூடு மாதிரி, ஒவ்வொரு நியூக்ளியானும் தனக்கென ஒரு சுற்றுப்பாதையில் அமைதியாக இயங்குகிறது என்று சொன்னது. இவ்வளவு நெரிசலில் அது எப்படி முடியும் என்ற ஐயத்துக்கும் இதே விடைதான்.

ஆற்றல் கூடும்போது என்ன ஆகிறது? பௌலித் தடை தளர்கிறது. 100 எம்.இ.வி. ஆற்றலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு மோதல்களை மட்டுமே அது தடுக்கிறது. ஆனால் அதே வேளையில் இரண்டு நியூக்ளியான்களுக்கு இடையிலான குறுக்குப் பரப்பு சுருங்கிக்கொண்டே வருகிறது. ஒன்று கூட்டுவதை மற்றது குறைத்துவிட, பரந்த ஆற்றல் வரம்பில் மோதலிடைத் தூரம் அதிகம் மாறாமல் நிற்கிறது.

இதில் ஒரு கணக்கு உதைத்துக்கொண்டே இருந்தது. புரோட்டான் சிதறல் அளவீடுகள் 5 ஃபெம்டோமீட்டர் அளவைச் சுட்டின; பௌலித் தடையைச் சேர்த்துப் போட்ட கணக்குகளோ ஏறக்குறைய அதில் பாதியைத்தான் கொடுத்தன. இதற்கு 1981-ல் இரண்டு குழுக்கள் தனித்தனியே விடை கண்டன. நெகலும் யாசாகியும் ஒரு குழு. ஃபான்டோனி, ஃப்ரிமன், பாண்டரிபாண்டே மூவரும் மற்றொன்று. அணுக்கருவின் ஈர்ப்பு எல்லா வேகத்துக்கும் ஒன்றாக இருப்பதில்லை. மெதுவான துகளுக்குக் குழியின் ஆழம் 50 எம்.இ.வி. அளவு, ஆற்றல் கூடக்கூட ஆழம் குறைகிறது, சில நூறு எம்.இ.வி. ஆகும்போது ஈர்ப்பே மறைந்து விலக்கமாக மாறத் தொடங்குகிறது. இப்படி உந்தத்தைச் சார்ந்து ஈர்ப்பு மாறுவதால், துகளைக் குறிக்கும் அலைத்தொகுதி உள்ளே நகரும் வேகம், உந்தத்தை நிறையால் வகுத்துக் கிடைப்பதைவிட அதிகம். துகளின் நிறை பத்தில் ஏழு பங்காகக் குறைந்ததுபோல அது நடந்துகொள்கிறது. அடுத்த மோதல்வரை கிடைக்கும் நேரம் மாறாவிட்டாலும், அந்த நேரத்துக்குள் அது கூடுதல் தூரம் போய்விடுகிறது. கணக்கு நேரானது. மோதல்களை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தால் இந்த விடை கிடைத்திருக்காது என்பதைக் கவனிக்க வேண்டும்.

இனி, இதையெல்லாம் எப்படி அளக்கிறார்கள் என்ற பகுதிக்கு வருகிறேன். சோதனையில் நாம் காண்பது இரண்டே இரண்டு: உள்ளே அனுப்பியது, வெளியே வந்தது. நடுவில் நடந்ததை அலைகளின் மொழியில்தான் மீட்டெடுக்க முடியும். 14 எம்.இ.வி. நியூட்ரானின் அலைநீளம் 7.6 ஃபெம்டோமீட்டர், அதாவது ஈய அணுக்கருவின் விட்டத்தில் பாதிக்கும் மேல். அதற்கு உள்ளே ஒரு தடம் இருப்பதாகக் கோடு கிழிப்பதில் பொருளில்லை. 1,000 எம்.இ.வி. புரோட்டானுக்கு அலைநீளம் 0.73 ஃபெம்டோமீட்டர், அங்கே தடம் என்று பேசுவது ஓரளவு நியாயம்.

அலை உள்ளே போவதைக் கணக்கிட, அணுக்கருவின் ஆற்றல் குழியை ஒரு கலப்பெண்ணாக எழுதுகிறார்கள். அதன் மெய்ப்பகுதி அலையை வளைக்கிறது. கற்பனைப் பகுதி அலையை மங்கச் செய்கிறது. மங்குவது என்றால் துகள் அழிந்துவிட்டது என்று பொருளில்லை. அது மோதி, ஆற்றலை இழந்து, முதலில் வந்த வழியை விட்டு வேறு வழிகளுக்குப் போய்விட்டது என்று பொருள். குழியின் ஓரம் செங்குத்தாக இல்லாமல் சரிவாக இருக்க வேண்டும் என்பதை உட்ஸும் சாக்ஸனும் 1954-ல் காட்டினார்கள். அவர்கள் பெயரால் வழங்கும் வடிவம் இன்றும் பெரும்பாலான கணக்குகளில் இருக்கிறது. குறைந்த ஆற்றலில் மங்கல் பெரும்பாலும் அணுக்கருவின் மேற்பரப்பை ஒட்டியே நிகழ்கிறது. உட்புறத்தில் பௌலித் தடை இறுக்கமாக இருப்பதை நினைத்தால் காரணம் புரியும். ஆற்றல் கூடினால் மங்கல் உட்புறம் முழுவதற்கும் பரவுகிறது. 2003-ல் கோனிங்கும் டெலரோஷும் வெளியிட்ட அளவுருத் தொகுப்பு, நிறை எண் 24 முதல் 209 வரையும், ஆற்றல் 200 எம்.இ.வி. வரையும் இந்தக் குழியைத் தருகிறது. நியூட்ரான், புரோட்டான் தரவுகளோடு வேலை செய்பவர்கள் அன்றாடம் கையாள்வது அது.

அலை உண்மையிலேயே அணுக்கருவைக் கடந்து வருகிறது என்பதற்கு என்னைப் பொறுத்தவரை மிக அழகான சான்று, மொத்தக் குறுக்குப் பரப்பின் ஏற்ற இறக்கம். ஓர் அணுக்கருவை எடுத்துக்கொண்டு நியூட்ரானின் ஆற்றலைச் சில எம்.இ.வி.யிலிருந்து 100-க்கு மேல்வரை உயர்த்திக்கொண்டே போனால், குறுக்குப் பரப்பு சீராகக் குறையாமல், மெல்ல ஏறி இறங்கி ஏறிச் செல்கிறது. அணுக்கருவின் ஓரமாகப் போகும் அலை தன் அலைநீளத்தில் போகிறது. உள்ளே போகும் அலைக்கு ஈர்ப்பினால் வேகம் கூடி அலைநீளம் குறைகிறது. மறுபக்கம் இரண்டும் சேரும்போது கட்ட வேறுபாடு இருக்கும். முழுச் சுற்றாக வேறுபட்டால் இரண்டும் ஒத்துப்போய், அணுக்கரு இல்லாததுபோலத் தோன்றும். அரைச் சுற்று வேறுபட்டால் ஒன்றையொன்று அழித்து, சிதறல் உச்சத்தை அடையும். ஆற்றல் கூடக்கூடக் கட்ட வேறுபாடு குறைவதால் இந்த ஏற்ற இறக்கம். அணுக்கருவின் ராம்சவர் விளைவு என்று இதற்குப் பெயர். உள்ளே போன அலை முழுவதும் விழுங்கப்பட்டிருந்தால் குறுக்கிடுவதற்கு எதுவும் மிஞ்சியிருக்காது. ஆகவே அந்த மெல்லிய அலைவின் வீச்சே, எவ்வளவு பங்கு மோதாமல் மறுபக்கம் வந்தது என்பதன் அளவாகிவிடுகிறது.

கோணவாரியான சிதறலும் இதற்குத் துணை நிற்கிறது. ஈயத்தின் மீது 800 எம்.இ.வி. புரோட்டான்களை விட்டால், மீட்சிச் சிதறலின் (அணுக்கருவைக் கிளர்த்தாமல் திசை மட்டும் மாறும் சிதறலின்) செறிவு சுமார் மூன்றரைப் பாகை இடைவெளியில் பள்ளமும் மேடுமாக இறங்கிக்கொண்டே போகும். ஒளி ஒரு சிறு வட்டத்தின் விளிம்பில் வளைந்து உண்டாக்கும் வளையங்களும் இதுவும் ஒரே இயற்பியல். பள்ளங்களின் இடைவெளி ஆரத்தைச் சொல்லும். மேடுகள் இறங்கும் விரைவு ஓரம் எவ்வளவு மங்கலானது என்பதைச் சொல்லும்.

புரோட்டானும் நியூட்ரானும் உள்ளே ஒன்றுபோலவே பயணம் செய்கின்றனவா? பெருமளவுக்கு ஆம். முதல் வேறுபாடு வாசலில் இருக்கிறது. ஈயத்தின் 82 நேர்மின்னேற்றங்கள் புரோட்டானைத் தள்ளுகின்றன; 12 முதல் 14 எம்.இ.வி. உயரமுள்ள அந்தத் தடையைத் தாண்டாவிட்டால் உள்ளே நுழைவது அரிது. நியூட்ரானுக்கு அந்தக் காவல் இல்லை, எவ்வளவு மெதுவாக வந்தாலும் நுழையலாம். இரண்டாவது வேறுபாடு நுட்பமானது. புரோட்டானும் நியூட்ரானுமாக வேறுபட்ட இணை, ஒரே வகையான இரண்டு சேர்ந்த இணையைவிட வலுவாக ஈர்த்துக்கொள்கிறது. ஈயம்போல நியூட்ரான் மிகுந்த அணுக்கருவில், வரும் புரோட்டானுக்கு அத்தகைய துணைகள் அதிகம். அதனால் புரோட்டானுக்குக் குழி சற்று ஆழமாகவும் நியூட்ரானுக்குச் சற்று மேலோட்டமாகவும் அமைகிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வெளியே வரும் புரோட்டான், நாம் அனுப்பியதேதானா என்று கேட்க முடியாது. எல்லாப் புரோட்டான்களும் ஒன்றே. அதற்கும் மேலாக, உள்ளே போன புரோட்டான் தன் மின்னேற்றத்தை ஒரு நியூட்ரானிடம் கொடுத்துவிட்டு, தானே நியூட்ரானாக ஏறக்குறைய அதே திசையில் வெளிவருவதும் உண்டு. 1961-ல் ஆண்டர்சன், வோங் இருவரும் வனேடியத்தின் மீது புரோட்டான்களை விட்டு, வெளிவந்த நியூட்ரான்களின் ஆற்றல் கூர்மையான ஓரிடத்தில் குவிவதைக் கண்டார்கள். மின்னேற்றம் கைமாறியதைத் தவிர அணுக்கருவின் அமைப்பு அப்படியே இருந்தது என்பதற்கு அது அடையாளம்.

ஆற்றல் 1,000 எம்.இ.வி. அளவுக்குப் போனால் கணக்கின் தன்மையே மாறுகிறது. புரோட்டான் ஏறக்குறைய நேர்கோட்டில் போகிறது. வழியில் ஒவ்வொரு நியூக்ளியானும் அதன் அலையில் ஒரு சிறு கட்ட மாற்றத்தைச் சேர்க்கிறது. ராய் கிளாபர் 1950-களில் இந்த அடிப்படையில் ஒரு கோட்பாட்டை உருவாக்கினார். குவாண்டம் ஒளியியலுக்காக 2005-ல் நோபல் பரிசு பெற்றவர் இவரே. 1967-ல் அமெரிக்காவின் புரூக்ஹேவன் ஆய்வகத்தில் காஸ்மோட்ரான் முடுக்கியில் 1,000 எம்.இ.வி. புரோட்டான்களை ஹீலியத்தின் மீது விட்டபோது, ஒரு குறிப்பிட்ட கோணத்தில் சிதறல் ஆழமாகக் குழிந்தது. ஒரு முறை மோதி வந்த அலையும் இரண்டு முறை மோதி வந்த அலையும் அங்கே ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. பயணத்தில் எத்தனை மோதல் நடந்தது என்பதைக் கோணமே காட்டிக்கொடுக்கிறது.

மீட்சிச் சிதறல் அல்லாத மோதல்களுக்கு வேறு வழி வேண்டும். உள்ளே ஒரு நியூக்ளியான் அடிபட்டு, அது மற்றொன்றை அடித்து என்று தொடரும் மோதல் சங்கிலியைப் பகடை உருட்டுவதுபோல வாய்ப்பு எண்களைக் கொண்டு ஒவ்வொரு படியாகக் கணக்கிடலாம். 1948-ல் கோல்ட்பெர்கர் இதைக் கையாலேயே செய்தார். 1958-ல் மெட்ரோபோலிஸும் அவருடன் பணியாற்றியவர்களும் மேனியாக் கணினியில் செய்தார்கள். ஒவ்வொரு மோதலிலும், போக இருக்கும் நிலை ஏற்கெனவே நிரம்பியிருந்தால் அந்த மோதலை ரத்துசெய்துவிட வேண்டும் என்ற விதி அப்போதே அந்தக் கணக்குகளில் இருந்தது. இன்றைய நிரல்களிலும் இருக்கிறது. இந்தச் சங்கிலி முடிந்தபின் சூடேறிய அணுக்கரு எஞ்சும். அதிலிருந்து நியூட்ரான்கள் ஒவ்வொன்றாக ஆவியாகி வெளியேறும். நீல்ஸ் போரின் கூட்டு அணுக்கரு இங்கே, கடைசிக் கட்டத்தில், தன் இடத்தைப் பெறுகிறது. அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வகத்தில் பாதரசத்தின் மீது 1,000 எம்.இ.வி.யும் அதற்கு மேலும் ஆற்றலுள்ள புரோட்டான்களைப் பாய்ச்சி நியூட்ரான் கற்றைகளை உண்டாக்குகிறார்கள். ஒரு புரோட்டானுக்கு 20 முதல் 30 நியூட்ரான்கள் கிடைக்கின்றன.

இதுவரை சொன்னது வெளியிலிருந்து வரும் துகளின் பயணம். உள்ளேயே அடிபட்டு வெளியேறும் துகளின் பயணம் வேறு. அதை அளக்க, எலக்ட்ரான்களை அனுப்புவது சிறந்த வழி. நியூக்ளியான்களைப் பிணைக்கும் வலுவிசையை எலக்ட்ரான் உணராது என்பதால் அணுக்கருவில் எந்த இடத்திலும் ஒரு புரோட்டானை அடித்துவிட முடியும். அடிபட்ட புரோட்டான்களில் எத்தனை தடையின்றி வெளிவந்தன என்பது அணுக்கருவின் ஊடுருவு திறன். சில ஆயிரம் எம்.இ.வி. ஆற்றலுள்ள புரோட்டான்களுக்குக் கரியில் இது ஏறக்குறைய 60 சதவீதம், இரும்பில் 40, தங்கத்தில் 30 அளவு. மிக அதிக ஆற்றலில் இது உயர வேண்டும் என்று 1982-ல் ப்ராட்ஸ்கியும் முல்லரும் எதிர்பார்த்தார்கள். கடுமையாக அடிபட்ட கணத்தில் புரோட்டானுக்குள் இருக்கும் குவார்க்குகள் என்ற மூன்று உட்துகள்களும் மிக நெருங்கிச் சுருங்கியிருக்கும், சுருங்கியது பக்கத்தில் இருப்பவற்றோடு குறைவாகவே மோதும் என்பது வாதம். அமெரிக்காவின் ஜெஃபர்சன் ஆய்வகம் கரியில் செய்து 2021-ல் வெளியிட்ட அளவீட்டில் அந்த உயர்வு தென்படவில்லை. ஊடுருவு திறன் சமதளமாகவே இருந்தது. ஒரு குவார்க்கும் ஓர் எதிர்க்குவார்க்கும் சேர்ந்த மீசான்களில் அந்த விளைவின் அறிகுறிகள் முன்பே கிடைத்திருக்கின்றன. மூன்று குவார்க்குகளைச் சிறிய இடத்தில் ஒடுக்குவது, ஒரு குவார்க்கையும் ஓர் எதிர்க்குவார்க்கையும் ஒடுக்குவதைவிடக் கடினம் என்பதே எனக்குப் பொருத்தமாகப் படும் காரணம்.

அதே ஆய்வகத்தின் வேறு சோதனைகள், நியூக்ளியான்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு எந்தக் கணத்திலும் தன் அண்டையோடு மிக நெருங்கிய இணையாக இருப்பதையும், அந்த இணைகளில் பெரும்பாலானவை புரோட்டான்–நியூட்ரான் இணைகள் என்பதையும் காட்டின. அத்தகைய இணையில் ஒன்றை அடித்தால் மற்றதும் எதிர்த்திசையில் தெறித்து வெளியேறும். தனித்தனிப் பாதை என்ற கூடு மாதிரியின் சித்திரம் முழுமையற்றது என்பதற்கு இது நேரடிச் சான்று.

இந்தத் தூரங்களைத் துல்லியமாக அறிய வேண்டிய தேவை இப்போது, பொருளோடு மிக அரிதாகவே மோதும் மின்னேற்றமற்ற துகளான நியூட்ரினோவை ஆராயும் சோதனைகளில் மிகவும் கூர்மையாக எழுந்திருக்கிறது. திரவ ஆர்கான் நிரப்பிய தொட்டியில் ஒரு நியூட்ரினோ அணுக்கருவுக்குள் மோதினால், அங்கே உந்தப்பட்ட புரோட்டானோ நியூட்ரானோ வெளியே வருவதற்குள் மீண்டும் மோதலாம், மின்னேற்றத்தைக் கைமாற்றலாம், ஆற்றலைப் பிறவற்றுக்குக் கொடுத்துவிடலாம். புரோட்டான் தொட்டியில் தடம் விட்டுப்போகும். நியூட்ரான் பெரும்பாலும் தடமே விடாது. நியூட்ரினோ கொண்டுவந்த ஆற்றலைக் கணக்கிட, காணாமல் போன அந்தப் பங்கைக் கணினி நிரல்கள்தான் மதிப்பிட்டுத் தருகின்றன. அந்த நிரல்களுக்குள் இருக்கும் மோதலிடைத் தூரங்களைச் சரிபார்க்கப் பல பத்தாண்டுகளாகச் சேர்ந்த புரோட்டான், நியூட்ரான் சிதறல் தரவுகளைத்தான் இன்றும் எடுக்கிறார்கள். ஆர்கான் அணுக்கருவின் மீது நேரடியாகச் செய்த அளவீடுகள் குறைவு என்பதால், கரியிலும் இரும்பிலும் கால்சியத்திலும் கிடைத்தவற்றிலிருந்து அதற்கான மதிப்புகளை இடைக்கணித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.